வாரத்தில் ஒரு மணி நேரம் உங்களுடையது, மீதி எண்பத்து மூன்று வீட்டாருடையது: வளர்ச்சித் தாமதமுள்ள சிறு குழந்தைகளோடும் குடும்பத்தோடும் வேலை செய்ய முழுமையான வழிகாட்டி

இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 12 மணி நேரம் விழித்திருக்கும். வாரத்துக்கு 84 மணி நேரம். நீங்கள் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தால், மீதி 83 மணி நேரம் அம்மா, பாட்டி, அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, அங்கன்வாடி டீச்சர் ஆகியோர் கையில்தான் இருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தங்களுடைய ஒரு மணி நேரத்தை எப்படிச் சிறப்பாகச் செய்வது என்றே மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். கவலைப்பட வேண்டியது அந்த 83 மணி நேரத்தைப் பற்றி. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைத் தேடிப் போகும் களப்பணியாளர்கள், சிறப்பாசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. சிகிச்சை தர மருத்துவரும் தெரபிஸ்ட்டும் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை அடுப்படிக்கும் குளியலறைக்கும் அங்கன்வாடிப் பாய்க்கும் கொண்டுபோவது நம் வேலை.

பை தயார் செய்தல்

பையில் அதிகம் வேண்டாம். சிவப்பு நூல் உருண்டை ஒன்று, ஒரு அங்குல மரக்கட்டைகள் பத்து, கிலுகிலுப்பை, சிறிய டார்ச், மூடியுள்ள சிறு டப்பா, துணிப் பொம்மை, பெரிய படங்கள் உள்ள அட்டைப் புத்தகம், தலைச்சுற்றளவு எடுக்க நீளாத அளவு நாடா, மேற்கைச் சுற்றளவு நாடா, நோட்டு, பென்சில். ஒவ்வொரு வீட்டுக்குப் பிறகும் பொருள்களைச் சோப்புப் போட்டுத் துடைக்க ஒரு துணி. எல்லாக் குழந்தையும் எல்லாவற்றையும் வாயில்தான் வைக்கும்.

இந்தப் பை குழந்தையைப் பரிசோதிக்க மட்டும். சொல்லிக்கொடுக்க இதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். உங்கள் வண்ணக் கட்டைகளை வைத்து விளையாடக் கற்றுக்கொடுத்தால், நீங்கள் பையை மூடும்போதே பாடமும் மூடிக்கொள்ளும். அந்த வீட்டு டம்ளர், கரண்டி, கொட்டாங்குச்சி, துணி கிளிப், காலி பவுடர் டப்பா ஆகியவற்றை எடுத்தால், நீங்கள் போன பிறகும் பாடம் அங்கேயே கிடக்கும்.

முதல் வருகை

முன்கூட்டியே போன் செய்து நேரம் கேளுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் வீட்டில் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டிப் பயனில்லை. பாட்டி வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். பல வீடுகளில் குழந்தையைப் பற்றிய முடிவு எடுப்பவர் பாட்டிதான். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால், "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்ற ஒரு வரியில் உங்கள் வேலை மாலைக்குள் கலைந்துவிடும்.

முதல் பதினைந்து நிமிடம் குழந்தையைத் தொடாதீர்கள். பாயில் உட்கார்ந்து பேசுங்கள், ஓரக்கண்ணால் பாருங்கள். புது ஆளைக் கண்டு குழந்தை அம்மாவிடம் ஒட்டிக்கொள்கிறதா? சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா? இரு கையையும் ஒரே அளவு பயன்படுத்துகிறதா? ஒரு வயது ஆகும் முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், "எங்க பிள்ளை இடதுகைப் பழக்கம்" என்று விட்டுவிடக் கூடாது. அந்த மறுகையும் காலும் கட்டாயம் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும்.

பிறகு கேட்க வேண்டியவை: எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை என்ன, பிறந்ததும் அழுததா, ஐசியூவில் எத்தனை நாள், மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா, சொந்தத்தில் கல்யாணமா. தாய்சேய் நல அட்டையை வாங்கிப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கும். சொந்தத்தில் கல்யாணம் பற்றிக் கேட்கும்போது குற்றம் சாட்டும் குரல் வந்துவிடக் கூடாது. அந்தத் தாயை ஊரே ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கும்.

அதன்பின் மிக முக்கியமான கேள்வி: "காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி தூங்குற வரைக்கும் பாப்பா என்னென்ன செய்யும், சொல்லுங்கம்மா." எழுந்ததும் எங்கே கிடத்துவார்கள், யார் குளிப்பாட்டுவார்கள், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரமாகும், எந்த வேலை தாய்க்குச் சிரமம், எது சிரிப்பு வரவழைக்கும் நேரம் என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் போடப்போகும் திட்டம் முழுவதும் இந்த ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். இதற்கு நாற்பது நிமிடம் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

தாமதத்தைக் கண்டுபிடித்தல்

முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள். குறைமாதக் குழந்தைக்கு 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைகிறதோ அதைக் கழிக்க வேண்டும். 30 வாரத்தில் பிறந்து இன்று எட்டு மாதமாகும் குழந்தைக்கு 10 வாரம் கழித்தால் சுமார் ஐந்தரை மாதம். அது இன்னும் தனியாக உட்காரவில்லை என்று பதற வேண்டாம். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்க்கலாம். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான்.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லாமல் அனுப்புங்கள். மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை. ஒன்பது, பத்து மாதமாகியும் பிடிப்பின்றி உட்காரவில்லை. ஒரு வயதில் மழலைச் சத்தமோ, கையசைப்போ, கை காட்டலோ இல்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பதினெட்டு மாதத்தில் நடை இல்லை. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" போன்ற இரண்டு சொல் சேர்க்கை இல்லை. இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, எந்த வயதிலும் வந்த பேச்சோ பழகும் தன்மையோ திரும்பப் போய்விடுவது.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் இந்தக் கணக்கை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை (தலை நிமிர்த்தி ஆடுவது), ஒன்பதில் சப்பாணி (கைகொட்டுவது), பிறகு வருகை (நடந்து வருவது), அம்புலி (நிலாவை அழைப்பது). இந்த அம்புலியை நீங்களும் சோதனையாகவே பயன்படுத்தலாம். நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது குழந்தை நிலாவைப் பார்க்கிறதா, காட்டும் விரலைப் பார்க்கிறதா, இரண்டையும் விட்டு வேறெங்கோ பார்க்கிறதா? பார்த்த பிறகு, "நீயும் பார்த்தாயா" என்பதுபோல அம்மா முகத்துக்குத் திரும்புகிறதா? ஒன்றரை வயதில் இந்தப் பகிர்தல் இல்லையென்றால் ஆட்டிசத்துக்கான கேள்விப்பட்டியலை எடுங்கள். எம்-சாட்-ஆர் என்பது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. 20 கேள்விகள், மதிப்பெண் 0–2 என்றால் ஆபத்து குறைவு, 3–7 என்றால் தொடர்கேள்விகள் கேட்க வேண்டும், 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மருத்துவரிடம். இது சல்லடைதான், நோய்ப் பெயர் அல்ல. மதிப்பெண்ணைப் பார்த்து "உங்க பிள்ளைக்கு ஆட்டிசம்" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பேச்சு வராத குழந்தையை நேராகப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறோம். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புவதால் "காது நல்லாக் கேட்குது" என்று வீட்டார் நம்புவார்கள். கனத்த சத்தம் மட்டும் கேட்டு ஸ், ஷ் போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகள் உண்டு. ஆகவே காது பரிசோதனை முதலில், மற்றதெல்லாம் பிறகு. காதுக்கு உலகமெங்கும் சொல்லும் கணக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும்.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். தாண்டிப்போயிருந்தால் இன்றே அனுப்புங்கள், அடுத்த முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் என்றால் இதய எக்கோ, தைராய்டு, காது, கண் ஆகிய நான்கும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். தைராய்டை முதல் வருடத்தில் பிறப்பு, ஆறு மாதம், ஒரு வயது என்றும் பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கக்கூடும் என்பதால் குட்டிக்கரணம் போடவிடக் கூடாது.

அனுப்பி வைத்தல்

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. எல்லோரும் டிஇஐசி என்பார்கள். குழந்தை மருத்துவர், முடநீக்கியல் வல்லுநர், காது-பேச்சு வல்லுநர், சிறப்பாசிரியர் எல்லாம் ஒரே கூரையில் கிடைக்க வேண்டிய இடம் அது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் ஆதரவில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்தில் 2021 முதல் எல்லா வகைக் குறைபாட்டுக்குமான ஆரம்பநிலை மையம் இயங்குகிறது. தென்காசி பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம்.

"ஜிஎச்சுக்குப் போய்க் காட்டுங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் பாதிப் பேர் போகமாட்டார்கள். ஒரு தாளில் குழந்தையின் வயது, நீங்கள் கண்டது என்ன, எந்த அறை எண், எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் முதல் முறை கூடவே போங்கள். முதல் நாள் வரிசையில் நின்று திரும்பி வந்த குடும்பம் இரண்டாம் முறை போவது கடினம். ஒரு நாள் கூலி போகிறதல்லவா.

செய்தி சொல்லும் முறையும் முக்கியம். முதலில் குழந்தையால் முடிவதைச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: "பாப்பா முகம் பார்த்து நல்லா சிரிக்கிறா. பேரு சொல்லிக் கூப்பிட்டா அஞ்சு தடவையில ஒரு தடவைதான் திரும்புறா. ஏன்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்." "சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள், "சரியாகாது" என்றும் சொல்லாதீர்கள். கோயிலுக்கு நேர்ந்திருப்பதையும் தாயத்தையும் கேலி செய்ய வேண்டியதில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் முன்பைவிடப் பெரிய வலிப்பு வரலாம்.

இலக்கு: இரண்டு போதும்

ஒரு குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு இலக்கு. மூன்றாவது சேர்த்தால் மூன்றும் நடக்காது. இலக்கு என்பது குடும்பத்தின் வாயிலிருந்து வர வேண்டும். "கவனக்குவிப்பை மேம்படுத்துதல்" என்று பதிவேட்டில் எழுதினால் அது ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு உதவும், தாய்க்கு உதவாது. "நான் சோறு வடிக்கிற பத்து நிமிஷம் சுவரோரமா தானா உட்காரணும்" என்று அந்த அம்மா சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. ஆறு வாரம் கழித்து நடந்ததா இல்லையா என்று இருவருக்கும் தெரியும்.

அன்றாட வேலைக்குள் பயிற்சியை நுழைத்தல்

வேலையின் நெஞ்சுப்பகுதி இதுதான். "தினமும் காலையும் மாலையும் அரை மணி நேரம் பயிற்சி கொடுங்கள்" என்பது எழுத எளிது. இரண்டு பிள்ளைகள், தண்ணீர்க் குடம், கூலி வேலை என்று ஓடும் தாய்க்கு அந்த அரை மணி கிடையாது. ஆனால் அவர் எப்படியும் குளிப்பாட்டுவார், சட்டை போடுவார், ஊட்டுவார், தூக்குவார். அந்தச் செயலிலேயே ஒரு சின்ன மாற்றம் செய்தால் பயிற்சிக்கென்று தனி நேரம் தேவையில்லை.

குளியல். காலை நீட்டி அதன்மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும் வழக்கம் அருமையான நேரம். எண்ணெய் தேய்க்கும்போது இறுகிய கையை இழுத்துப் பிரிக்காமல், தோளிலிருந்து மெதுவாக ஆட்டித் தளர்த்தி, பின் விரலுக்குப் போகச் சொல்லுங்கள். "கை... கால்... தொப்பை" என்று பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் முன் ஒரு நொடி நிறுத்தச் சொல்லுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவதையும் வாயால் ஊதுவதையும் மட்டும் நிறுத்த வேண்டும்; எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பாட்டியிடம் "எல்லாம் தப்பு" என்று சொல்லாமல், நல்லதைப் பாராட்டி இந்த இரண்டை மட்டும் நீக்கினால் கேட்டுக்கொள்வார்.

ஊட்டுதல். மூளை முடக்குவாதமுள்ள, அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத, குழந்தைக்கு இதைவிட ஆபத்தான நேரம் இல்லை. மடியில் மல்லாத்திப் போட்டுச் சங்கில் ஊற்றுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. மாற்ற வேண்டிய வரிசை இப்படி: முதலில் உட்காரும் நிலை. இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் எதையாவது தொட்டு, தலை நடுவில், முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். அடுத்து, ஊட்டுபவர் குழந்தையின் முகத்துக்கு நேராக, கண்மட்டத்துக்குக் கீழே உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், பழைய கதைதான். தட்டையான சிறு கரண்டியில் பாதியளவு எடுத்து, நேராக உள்ளே கொண்டுபோய், நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து, நேராக வெளியே எடுக்க வேண்டும். மேல்பல்லில் வழித்துவிடுவது கூடாது. அது தலையைப் பின்னுக்குத் தள்ளும். முழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். தண்ணீராக ஓடும் கஞ்சியைவிடக் குழைந்த சோறு பெரும்பாலும் எளிது. முடிந்த பின் 20–30 நிமிடம் படுக்க வைக்கக் கூடாது.

ஒவ்வொரு வேளையும் அரை மணிக்கு மேல் இழுத்தாலோ, சாப்பிடும்போது இருமல், கண்ணீர், கொழகொழத்த குரல் வந்தாலோ, அடிக்கடி நெஞ்சுச்சளி பிடித்தாலோ உணவு தப்பான வழியில் போகிறது என்று எண்ணி உடனே அனுப்புங்கள். எடையையும் மேற்கைச் சுற்றளவையும் மாதாமாதம் பாருங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு 11.5 செ.மீ.-க்குக் கீழ் போனால் கடுமையான ஊட்டக்குறைவு. பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

பேச்சு. "சொல்லு, சொல்லு, அம்மா சொல்லு" என்று நச்சரிப்பதுதான் வீடுகளில் நடக்கும் பேச்சுப் பயிற்சி. அதற்குப் பதிலாக மூன்று பழக்கம். குழந்தை பார்க்கும் பொருளுக்கு நாம் பெயர் சொல்வது. இரண்டு பொருளை முகத்துக்கு அருகில் காட்டி "வாழைப்பழமா, பிஸ்கட்டா?" என்று கேட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருப்பது. குழந்தை பார்த்தாலும், கை நீட்டினாலும், ஒலி எழுப்பினாலும் பதிலாக ஏற்று உடனே கொடுப்பது. பத்து எண்ணுவது கேட்கச் சாதாரணமாகத் தெரியும். செய்துபாருங்கள், நாலாவது எண்ணிலேயே பெரியவர்கள் வாய் திறந்துவிடுவார்கள். வீட்டுப் பொருள்களைப் போனில் படமெடுத்து அச்சிட்டு அட்டையாக ஒட்டிக் காட்டிக் கேட்கப் பழக்கலாம். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வீண். அதேபோல், வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்களிடம் "தமிழ் மட்டும் பேசுங்கள்" என்றோ, யாரிடமும் "இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்றோ சொல்லாதீர்கள். தாய்க்கு இயல்பாக வரும் மொழியில்தான் நாள் முழுக்கப் பேச முடியும்.

போன் காட்டிச் சோறூட்டுவது தனிப் பிரச்சினை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்குமேல் ஐந்து வயதுக்குள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிவுரை. ஒரே நாளில் பிடுங்கினால் அழுகையில் முடியும். முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தி, அந்த இடத்தில் கை வீசும் பாட்டையோ வேடிக்கை பார்க்கும் திண்ணையையோ வையுங்கள்.

காதுக்கருவி போட்ட குழந்தைக்கு, காலையில் கருவியை மாட்டியதும் அம்மா தன் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலி சொல்லிப் பார்க்க வேண்டும். நேற்று கேட்டது இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியோ, அச்சில் (காதுக்குள் பொருந்தும் பகுதியில்) அழுக்கோ, காதில் நீரோ காரணம். விசில் சத்தம் வந்தால் காது வளர்ந்து அச்சு சிறிதாகிவிட்டது என்று பொருள். கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது அச்சு எடுக்க வேண்டியிருக்கும். "கருவி பத்திரமா பீரோவுல இருக்கு" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பதில். தூக்கம், குளியல் தவிர எல்லா நேரமும் காதில் இருந்தால்தான் பயன். பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும், ஆகவே எட்டாத இடத்தில் வைக்கவும்.

காட்டிக்கொடுக்கும் முறை எப்போதும் இதுதான்: நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள், பிறகு குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அவர் செய்வதைப் பார்த்து ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். அந்த மணி நேரத்தில் அதிகம் குழந்தையைத் தொட்டது நீங்களா அம்மாவா என்று வெளியே வரும்போது எண்ணிப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யும் துணைப்பொருள்கள்

விலையுயர்ந்த நாற்காலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அறை மூலையில் இரு சுவரும் முதுகைப் பிடிக்க உட்காரவைத்து, கால்களுக்கு நடுவில் சுருட்டிய துண்டை வைத்தால் மூலை இருக்கை தயார். கால் கத்தரிபோலப் பின்னுவதை அந்தத் துண்டு தடுக்கும். குப்புறப் படுக்கச் சிரமப்படும் குழந்தைக்கு நெஞ்சுக்கடியில் சுருட்டிய பெட்ஷீட், மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கட்டாயம் ஒருவர் பக்கத்தில். கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் பிடி தடிமனாகும். நாள் முழுக்கத் தூளியில் கிடப்பதைக் குறையுங்கள், தூங்க மட்டும் தூளி. சக்கரம் வைத்த வாக்கரைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். அது நடையை விரைவாக்காது. கால் விரலில் ஊன்றும் பழக்கத்தையும் படிக்கட்டில் விழும் ஆபத்தையும்தான் தரும்.

அங்கன்வாடிக்குள்

2023 நவம்பரில் ஒன்றிய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. நெறிமுறை இருந்தாலும் நடைமுறையில் ஒரு டீச்சர், ஒரு ஆயா, இருபது குழந்தைகள். "இந்தப் பிள்ளையையும் சேர்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னால் அது டீச்சர் தலையில் இன்னொரு சுமை. இப்படிச் செய்யுங்கள்.

சேரும் முன் டீச்சரை அந்த வீட்டுக்கு அழைத்துப்போய், அம்மா ஊட்டுவதையும் தூக்குவதையும் பார்க்க வையுங்கள். முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம், அம்மா உடன் இருக்க. அடுத்த வாரம் பாட்டு, கதை முடியும்வரை. பிறகு சாப்பாடு வரை. தூக்க நேரம் கடைசியில்தான். முதல் நாளே முழு நேரம் விட்டால் குழந்தை அழும், டீச்சர் அம்மாவைக் கூப்பிடுவார், "இதெல்லாம் சரிப்படாது" என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

இடம் முக்கியம். கேட்கும் குறை, பார்வைக் குறை உள்ள குழந்தை டீச்சருக்கு எதிரே, சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். வெளிச்சம் டீச்சர் முகத்தில் விழட்டும். சத்தத்துக்கு மிரளும் குழந்தைக்கு மூலையில் ஒரு பாய், அங்கே போக யாரிடமும் கேட்கத் தேவையில்லை. சுவரில் ஐந்து படம் வரிசையாக: பாட்டு, விளையாட்டு, கைகழுவுதல், சாப்பாடு, தூக்கம். முடிந்ததைத் திருப்பிவிடலாம். இது மற்றப் பத்தொன்பது குழந்தைகளுக்கும் உதவும், டீச்சர் கத்துவது குறையும்.

செயல் ஒன்றே, அளவு வேறு. எல்லோரும் புளியங்கொட்டை எண்ணினால் இந்தக் குழந்தை அதை டப்பாவில் போடட்டும், வாயில் போடுகிறதா என்று பார்த்துக்கொண்டு. எல்லோரும் வட்டமாகச் சுற்றும்போது இது நடுவில் உட்கார்ந்து தாளம் தட்டட்டும். தனியாக மூலையில் வேறு பொம்மை கொடுத்து உட்கார வைத்தால் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை மட்டும் வெளியேதான் இருக்கும்.

மற்றப் பெற்றோர் "ஒட்டிக்கும்", "எங்க பிள்ளையை அடிச்சிடும்" என்று வருவார்கள். ஒட்டாது என்பதை நீங்கள் சொல்வதைவிடக் கிராம சுகாதார செவிலியர் சொன்னால் எடுபடும். அடிப்பதும் கடிப்பதும் உண்மையிலேயே நடந்தால் எப்போது, எதற்கு முன், எதற்குப் பின் என்று ஒரு வாரம் எழுதுங்கள். பெரும்பாலும் காத்திருக்கும் நேரத்தில்தான், தட்டு வரும் முன்புதான் நடக்கும். அந்தக் குழந்தையைத் தட்டு எடுத்துவைக்கும் வேலைக்கு அனுப்பினாலே பாதி தீர்ந்துவிடும்.

காகிதங்கள்

வரிசை தப்பினால் மாதக்கணக்கில் அலைச்சல். பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு மூன்றிலும் குழந்தையின் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பம் திரும்புவதற்கு இதுவே பெரிய காரணம். அடுத்து யுடிஐடி எனும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. இணையத்தில் பதிந்து, மருத்துவக் குழுவிடம் காட்டி வாங்க வேண்டும். 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, 40 விழுக்காடுதான் பெரும்பாலான உதவிகளுக்கு வாசல். ஐந்து வயதுக்குள் கொடுக்கும் சான்று பெரும்பாலும் காலவரையறை உள்ளது. காலாவதித் தேதியை உங்கள் நோட்டில் சிவப்பில் எழுதிவையுங்கள்.

பிறகு, தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரையிலான நிரமயா காப்பீடு. பயிற்சி மையத்துக்குப் போய்வர இலவசப் பேருந்துப் பயண அட்டை. ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் காக்ளியர் அறுவைச் சிகிச்சை (உள்காதில் கேட்கும் கருவி பொருத்துவது) முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்கும், அந்த வயது வரம்பைத் தவறவிட்டால் பிறகு கஷ்டம்.

அவசரங்கள்

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, மணி பார், வாயில் எதுவும் வைக்காதே, சாவி கொடுக்காதே. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதை ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின் ஒட்டுங்கள். விளக்க முடியாத காயம், கட்டிப்போட்ட தழும்பு கண்டால் தனியாக முடிவெடுக்காமல் அன்றே உங்கள் மேற்பார்வையாளரிடமும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். தாய் தூக்கமின்றி, "நானும் இவளும் இல்லாமப் போயிடலாம்னு இருக்கு" என்று சொன்னால் அதைப் புலம்பலாக எடுத்துக்கொண்டு நகர வேண்டாம். அன்று பயிற்சி வேண்டாம். கூட இருங்கள், வீட்டில் இன்னொருவரை அழையுங்கள், மருத்துவ உதவி எண் 104-இல் பேசச் செய்யுங்கள்.

ஒன்றாம் வகுப்புக்கு ஒப்படைத்தல்

பள்ளி திறக்க ஆறு மாதம் முன்பே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் குழந்தையோடு ஒருமுறை சந்திக்க வையுங்கள். தலைமையாசிரியரிடம் மூன்று விஷயம் பாருங்கள்: கழிப்பறைக்குப் படி எத்தனை, வகுப்பறை எந்த மாடியில், சாப்பாட்டு நேரத்தில் யார் உடன் இருப்பார். கோப்பில் மருத்துவ அறிக்கைகளுக்கு மேலே ஒரே ஒரு தாள் இருக்கட்டும். குழந்தை வேண்டியதை எப்படிக் கேட்கும், எப்படி "வேண்டாம்" சொல்லும், எப்படி உட்கார வைக்க வேண்டும், எதைக் கண்டு பயம், எது பிடிக்கும், சிறுநீர் வந்தால் என்ன சைகை காட்டும். அதை அம்மா சொல்லச் சொல்ல எழுதுங்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியும் என்றால் பேனாவை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.